குப்புறப் படுத்த ஏழு நாள்

அம்மாவின் தலையைப் பிடித்து அமுக்கியது நான்தான். பதினொரு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பின்மண்டையில் உள்ளங்கையை வைத்து, எழுந்திருக்க முடியாதபடி அமுக்கினேன். சங்கரன்கோவிலில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் இந்தச் செய்தி போய்விட்டது. போகிற வழியில் வளர்ந்தும் விட்டது. பெற்ற மகளே அம்மாவின் கழுத்தை நெரித்ததாக ஒரு சித்தி சொல்லியிருக்கிறாள். அந்தச் சித்தி அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் என்று ஆரம்பித்தால் நான் மூச்சு விடாமல் பேசுவேன் என்று வீட்டில் புகார் உண்டு. இருக்கட்டும். அது புரியாமல் மீதி எதுவும் புரியாது.

அம்மா பெயர் சண்முகசுந்தரி. வயது ஐம்பத்து மூன்று. நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் வேலை. வயல்களின் எல்லைக்கோடு போட்ட புலப்படங்களை வரைவதும் சரிபார்ப்பதும்தான் அன்றாடம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தடித்த கண்ணாடி, மைனஸ் பதினொன்று. அவ்வளவு பவர் உள்ள கண் நீளமாக இழுபட்டிருக்கும். விழித்திரை மெலிந்துபோகும். மெலிந்த இடத்தில், விழித்திரைக்கு அடியில், யாரும் கேட்காத ரத்தக்குழாய்கள் சில பேருக்கு முளைக்கும். அவை உருப்படியான குழாய்கள் இல்லை. கசியும், உடையும், நடுப்பார்வையைத் தின்றுவிடும்.

முளைத்தவுடன் முதலில் நேர்கோடு வளைந்து தெரியும். வேறு யாராவதாக இருந்தால் கதவு நிலை வளைந்துவிட்டதே என்று பதறியிருப்பார்கள். அம்மா பதறவில்லை. இளையரசனேந்தல் பக்கத்து நிலம் ஒன்றின் படத்தில் கிழக்கு எல்லை புடைத்துத் தெரிந்ததும், நகல் எடுத்தவர் தாளை இழுத்துவிட்டார் என்று முடிவு கட்டி வேறு நகல் கேட்டாள். அதுவும் புடைத்திருந்தது. மூன்றாவது நகலும் வாங்கினாள். கடைசியில் பக்கத்து மேசைக்காரரிடம் நிரூபிப்பதற்காகக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்தாள். ஸ்கேலும் சேர்ந்து வளைந்தது. அப்போதுதான் கோளாறு தாளில் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

இது நடந்தது நான்கு வருடத்துக்கு முன்னால், வலது கண்ணில். அன்றைக்கே மதுரைக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. காரணம், பெரியப்பா வீட்டுப் பால்காய்ப்பு.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன் ஆவுடையப்பன். குருவிகுளம் பக்கம் நிலம் இருக்கிறது, ஊருக்குள் மூன்று வீடு இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யார் எதைப் படிப்பது, யார் வீட்டுக்கு யார் போவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். அப்பா குற்றாலநாதன் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சான்றிதழ் எழுதுபவர். அண்ணன் முன்னால் மட்டும் அவருக்கு வாக்கியம் முடியாது. பாதியில் நின்றுவிடும். அம்மாவோ அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே எழுந்துவிடுவாள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து, சேலையைச் சரி செய்து, அவர் உட்காரும்வரை கதவோரம் நிற்பாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக இதே கதை. நான் கேட்டால் மரியாதை என்பாள். எதற்கு மரியாதை என்றால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த மூன்றாவது வீட்டின் பால்காய்ப்புக்கு அம்மா லீவு போட்டுப் பதினேழு நாள் அவர்கள் அடுப்படியில் நின்றாள். கோடு வளைகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து மதுரைக்குப் போனபோது, வலது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது. இனி ஊசி போட்டும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது நான் கல்லூரி முதல் வருடம். எனக்கு விஷயம் தெரிந்ததே ஒரு மாதம் கழித்துத்தான். தெரிந்த அன்று பெரியப்பா வீட்டு வாசலில் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. போகவில்லை. அந்தக் கோபம் அப்படியே கிடந்தது.

இந்த வருடம் இடது கண்ணிலும் கோடு வளைந்தது. அம்மா சொன்ன அன்று மதியமே அவளை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மாதம் ஒன்றாகக் கண்ணுக்குள் மூன்று ஊசி. குழாய்கள் வாடின. ஸ்கேன் படத்தில் வீக்கம் வடிந்திருப்பதைப் பார்த்து ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு தட்டு கேசரி வாங்கித் தின்றேன். மூன்றே வாரம்தான். ஒரு நாள் காலையில் அம்மா தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியில் தன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு பிளாஸ்திரி ஒட்டியது போல இருக்கிறது என்றாள். அடியில் குழாய் உடைந்து ரத்தம் கட்டிவிட்டது.

டாக்டரம்மா ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. இந்த மாதிரிக் குழாய்களுக்கு இப்போதெல்லாம் ஊசிதான், கத்தி வைப்பது அபூர்வம் என்றார். ஆனால் இவ்வளவு ரத்தம் தேங்கி நின்றால் மேலே இருக்கும் விழித்திரை செத்துவிடும். திறந்து எடுப்பதுதான் மிச்சமிருக்கிற வழி. கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று சின்னத் துளை போட்டு, உள்ளே இருக்கும் கூழை எடுத்துவிட்டு, விழித்திரையிலேயே ஊசிமுனை அளவு வாசல் திறந்து, கட்டியைக் கரைத்து வெளியே எடுப்பார்கள். அந்தக் குழாய்க் கொத்தையும், முடியைவிட மெல்லிய இடுக்கியால் பிடித்து உருவ முடிந்தால் உருவுவார்கள். பார்வை வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், விட்டால் போய்விடும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன் என்றார். அம்மா கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் எந்த இடம் என்று நான்தான் அவள் விரலைப் பிடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை அறுவை முடிந்தது. குழாய்க் கொத்து முழுதாக வந்துவிட்டது என்று சொல்லி டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, இனி பாதி வேலை உங்க வீட்ல என்றார். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது கொத்தனார் வைக்கிற ரசமட்டத்துக் குமிழி மாதிரி எப்போதும் மேலே போய்த்தான் நிற்கும். அது அழுத்த வேண்டிய இடமோ கண்ணின் பின்சுவர். பின்சுவர் மேலே வர வேண்டுமென்றால் ஆள் குப்புறக் கிடக்க வேண்டும். ஏழு நாள். சாப்பாடு, பாத்ரூம், கொஞ்சம் முதுகை நிமிர்த்த என்று மணிக்குப் பத்து நிமிடம் விடுதலை. மற்ற நேரமெல்லாம் முகம் தரையைப் பார்க்க வேண்டும். இருக்கிறது ஒரே கண், ஏழே நாள். இதைவிட எளிமையாக யாருக்கும் எதையும் சொல்ல முடியாது என்று நினைத்தேன். என் முட்டாள்தனம்.

அறுவைக்கு முன்பே நான் போனில் நாலைந்து வீடியோ பார்த்து ஒரு பலகை வரைந்து வைத்திருந்தேன். எங்கள் தெரு தச்சர் வெங்கடேஷ் அதை பிளைவுட்டில் அறுத்துக் கொடுத்தார். கட்டில் தலைமாட்டில் பொருத்தி, முகம் போக ஓட்டை, சுற்றிலும் பஞ்சு. முதல் ஓட்டை சிறியதாகிவிட்டது. சோதனைக்கு நான் படுத்துப் பார்த்தபோது கன்னம் இரண்டும் மாட்டி, வெங்கடேஷ் வந்துதான் பிடுங்கி எடுத்தார். இரண்டாவது சரியாக அமைந்தது. ஓட்டைக்கு நேர் கீழே தரையில் ஒரு ஸ்டூல், அதில் உறிஞ்சுகுழல் போட்ட டம்ளர், பாட்டுப் போட்ட போன். பக்கத்தில் ஒரு பாய் விரித்தேன். சுவரில் அட்டை எழுதி ஒட்டினேன்: அம்மாவின் முகம் பார்த்துப் பேச விரும்புகிறவர்கள் பாயில் உட்காரவும். அம்மாவை நிமிரச் சொல்ல வேண்டாம்.

அட்டையை ஒருவரும் படிக்கவில்லை. புதன்கிழமை மதுரையிலிருந்து காரில் பின்சீட்டில் குப்புறப் படுக்கவைத்துக் கொண்டுவந்து இறக்கிய ஒரு மணி நேரத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அம்மா நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். நிமிர்ந்தால், மூக்குக்கு முன்னால் கையை நீட்டி, என்னைத் தெரியுதா, இது எத்தனை விரல் என்று கேட்க வேண்டும். வாயு நிறைந்த கண்ணில் கை அசைவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னால், அப்ப ஆபரேஷன் சரியா நடக்கலியா என்று அதற்கொரு கேள்வி. அன்று சாயங்காலம் அம்மாவின் அண்ணன் குடும்பம் வந்தபோது நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கண்ணில் மூடியோடு, காபி ஆறிவிடும் குடியுங்கள் என்று உபசாரம் செய்துகொண்டிருக்கிறாள். முக்கால் மணி நேரமாகிவிட்டதாம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். வார்டு சிஸ்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மிச்ச ரத்தம் நடுப்பகுதிக்கே வந்து படியும், திறந்த வாசல் மூடாது, உள்ளே இருந்து எடுத்தது எல்லாம் வீண் என்றார். ஸ்பீக்கரில் போட்டு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கேட்க வைத்தேன். அம்மா போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். அப்பா, வந்தவங்களை எப்படிம்மா... என்று ஆரம்பித்து வழக்கம்போல் பாதியில் நின்றார்.

அட்டையைப் படித்து அதன்படி நடந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள். விசைத்தறியில் ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வியாழக்கிழமை மத்தியானம் வந்தாள். அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாயில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கிறது என்று மல்லாந்து படுத்தே விட்டாள்.

"யக்கா, கீழ இருந்து பாத்தா ஓட்டுல ஒட்டுன பல்லி கணக்கா இருக்க" என்றாள்.

அம்மா அந்த ஓட்டைக்குள்ளிருந்து சிரித்தாள். முதுகு குலுங்கியது. ரொம்பச் சிரிக்காதே என்று நான் அதற்கும் சத்தம் போட்டேன். ஒரு மணி நேரம் இருவரும் மூக்குக்கு மூக்கு பேசிக்கொண்டிருந்தார்கள். முத்துமாரியம்மாளுக்கு அதில் எந்தக் கௌரவமும் குறையவில்லை.

அன்று சாயங்காலம் பெரியப்பா போன் செய்தார். அவர் மகன் விஜய்சங்கருக்கு அடுத்த மாதம் கல்யாணம். சொந்தத்தில் முதல் பத்திரிகை தம்பி வீட்டுக்குத்தான் வைக்க வேண்டுமாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்கும், அதற்குள் வந்து வைத்துவிடுகிறோம், ரெண்டு பேரும் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் பத்திரிகை வைப்பது என்றால் சும்மா கையில் கொடுப்பது இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. புருஷனும் பெண்டாட்டியும் கிழக்கே பார்த்துச் சேர்ந்து நிற்க வேண்டும். பெண்ணுக்குக் குங்குமம் வைத்து, இரண்டு பேரும் குனிந்து தாம்பாளத்தை வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் வாங்கினால் அரைகுறை. பெரியப்பா இதிலெல்லாம் நூல் பிடித்துப் பார்க்கிறவர்.

அடுத்த வாரம் வைக்கச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஹாலில் நடந்தார். டயல் செய்யவில்லை. முதல் பத்திரிகை இதுதானே, இது தள்ளினால் மற்ற எல்லாம் தள்ளும் என்றார். வர்றவங்க அஞ்சே நிமிஷம்தானே இருப்பாங்க என்றார். அம்மாவுக்குத்தான் மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கிறதே, அதில் ஐந்தை எடுத்துக்கொள்ளலாமே என்று எனக்கே கணக்குச் சொல்லிக் காட்டினார். பெரியப்பா எந்த வீட்டிலாவது ஐந்து நிமிடத்தில் எழுந்து போயிருக்கிறாரா என்று கேட்டேன்.  இவ்வளவுக்கும் அம்மா பலகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு இரண்டு காரில் வந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, மாப்பிள்ளை விஜய்சங்கர், பெரியம்மாவின் தங்கைகள், அவர்கள் வீட்டுக்காரர்கள் என்று மொத்தம் பத்துப் பேர். பட்டுச் சேலையும் சென்ட் வாசனையுமாக அம்மாவின் அறை நிறைந்துவிட்டது. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு அம்மாவின் முதுகைப் பார்த்தார்கள். நாங்கள் வீட்டில் காசு எண்ணும் எந்திரம் வைத்திருப்பதைப் போல அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பெரியம்மா தாம்பாளத்தை எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்தாள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார்.

பெரியப்பா குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"சுந்தரி, எந்திரி. வாங்கிட்டுப் படுத்துக்கோ."

பாய் அங்கேயே விரித்திருந்தது. நான் அதைக் காலால் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன்.

"அம்மா எந்திரிக்கக் கூடாது பெரியப்பா. முகம் கீழதான் இருக்கு. பாயில உக்காந்து வைங்க, கையை நீட்டி வாங்கிக்கிடுவா."

பெரியம்மாவின் தங்கை ஒருத்தி சிரித்துவிட்டு நிறுத்தினாள். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். "எனக்குத் தரையில உக்காந்து பழக்கமில்ல" என்றார்.

"ஆடித்தபசுக்குக் கோயில்ல அரை நாள் தரையிலதானே உக்காருதீக."

"அது அம்பாளுக்கு."

இந்த இரண்டு வார்த்தைதான் எனக்குத் தலைக்கு ஏறியது. பதினேழு நாள் அடுப்படியில் நின்றவளுக்கு முட்டியை மடக்க முடியாது, அப்படித்தானே. பெரியம்மா நடுவில் புகுந்து, குப்புறக் கிடக்கிறவளுக்குக் குங்குமம் வைத்தால் கல்யாண வீட்டுக்கு ஆகாது, ஒரு நிமிஷம் நிமிர்ந்தால் என்ன ஆகிவிடும், எங்க காலத்துல ஆபரேஷன் பண்ணி மறுநாளே தண்ணி எடுத்தோம் என்று அடுக்க ஆரம்பித்தாள். நான் கண், வாயு, வாசல், ரத்தம் என்று முதலிலிருந்து சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மணி பத்தே கால் ஆகிவிட்டது. அப்பா அம்மாவின் தோளில் ஒரு விரலை வைத்து, சுந்தரி, நேரமாகுது பாரு என்றார்.

அப்போதுதான் அம்மா இரண்டு உள்ளங்கையையும் பலகையில் ஊன்றினாள். தோள் மேலே வந்தது.

நான் யோசிக்கவில்லை. பின்மண்டையில் கையை வைத்து அமுக்கினேன். பலகை டக்கென்று கட்டிலில் இடித்தது. அம்மா என்னவோ சொல்ல வந்தது பஞ்சுக்குள் போய்விட்டது. கையை எடுக்கவில்லை. அவள் முடியின் சூடு உள்ளங்கையில் தெரிந்தது. பெற்றவளைப் போய் இப்படிச் செய்கிறாளே என்று பெரியம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். விஜய்சங்கர் மட்டும், விடுங்கப்பா, அப்புறமா வைப்போம் என்று முணுமுணுத்தான். அவனை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

"குற்றாலம், ஒம் மகளைக் கையை எடுக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா.

அப்பா என்னைப் பார்த்தார். கையை எடு என்றார், எடுக்கிறாயா என்று கேட்பது போல. நான் எடுக்கவில்லை. எல்லோரும் அப்படியே நின்றோம். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை ஆனது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பெரியம்மா கையில் கொடுத்தார், வெளியே போனார். இரண்டு நிமிடத்தில் அறை காலியானது. வாங்கி வந்த ஆப்பிளைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

 உண்மையைச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கையை எடுத்துட்டியா" என்றாள் அம்மா, கீழேயிருந்து.

எடுத்தேன். பாயில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. கன்னம் இரண்டும் அமுங்கிய முகத்தில் அவ்வளவு கோபத்தை நான் பார்த்ததே இல்லை.

"நான் எந்திரிக்கப் போகல" என்றாள். "குப்புறக் கெடந்து பேசுனா சத்தம் தரைக்குப் போகுது. தோளைத் தூக்குனாத்தான் மேல இருக்கவனுக்குக் கேக்கும். அதுக்குத்தான் கையை ஊனுனேன். முகம் கீழதான் இருந்துச்சு."

நம்ப முடியவில்லை. புதன்கிழமை எழுந்து உட்கார்ந்தவள்தானே நீ என்று கேட்டேன். ஆமா, உட்கார்ந்தேன், சிஸ்டர் சொன்ன பிறகும் உட்கார்ந்தேனா என்று திருப்பிக் கேட்டாள். வியாழக்கிழமை முழுக்கப் பேசாமல் கிடந்தது பயத்தில் இல்லை, என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டிருந்தாளாம்.

"இருபத்தெட்டு வருஷம் கழிச்சு வாயைத் தொறந்தேன். நீ அமுக்கிட்ட. அவருக்கு முன்னாடி நான் ஊமை. ஒனக்கு முன்னாடியும் ஊமையாடி?"

 என்னிடம் இருந்ததெல்லாம் கத்துகிற பதில். உன்னை எப்படி நம்புவது, வலது கண் நினைவிருக்கிறதா, நான் இல்லையென்றால் யார் இருக்கிறார்கள், இப்படி. ஒன்றையும் சொல்லவில்லை. அறை வாசலில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஏங்க, அவருக்குப் போன் போடுங்க" என்றாள் அம்மா.

அப்பா தயங்கினார். அம்மா மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தாள். அவர் வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார். புதன்கிழமையிலிருந்து அவர் அந்தப் பாயில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அம்மாவின் முதுகோடுதான் பேசிக்கொண்டிருந்தார். டயல் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, ஓட்டைக்குக் கீழே போனைப் பிடித்தார்.

"அத்தான், சுந்தரி பேசுதேன். நாலு வருஷத்துக்கு முன்ன ஒங்க வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்து நின்னேன், ஒரு கண்ணு போச்சு. ஒங்களுக்குத் தெரியாது. சொல்லாம நின்னது என் தப்பு. இந்தக் கண்ணுக்குச் சொல்லுதேன். திங்கக்கிழமை வரைக்கும் நான் யாருக்கும் எந்திரிக்க மாட்டேன். பத்திரிகை வைக்கணும்னா பாயில உக்காந்து வைங்க. இல்லேன்னா அதுவும் சரி."

 பெரியப்பா, தம்பியிடம் போனைக் கொடு என்றார்.

"அவுக பக்கத்துலதான் இருக்காக. என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.  அப்பா எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்காத்தான் சொன்ன என்றார். ஒரு முழு வாக்கியம்.

அதன் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. நான் உறிஞ்சுகுழலை வாயில் வைத்தால் குடித்தாள். மணிக்குப் பத்து நிமிடம் நான் கை பிடித்து நடத்தினால் நடந்தாள். கழுத்தில் தைலம் தேய்த்தால், போதும் என்பதற்குக் கையை அசைத்தாள். முத்துமாரியம்மாள் வந்தால் மட்டும் பேச்சும் சிரிப்பும். அடுத்த அறையில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் ரோஷம். அவள் கண்ணுக்காகச் சொந்தபந்தம் எல்லாவற்றையும் பகைத்துக்கொண்டவள் நான், என்னிடமே இந்த வீறாப்பா என்று பொருமினேன். பெரியப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பத்திரிகை தபாலில்கூட வரவில்லை. வேறு வேறு வீடுகளுக்கு வைத்துவிட்டார்கள் என்று மட்டும் சேதி வந்தது. வந்த சேதியோடு கழுத்தை நெரித்த கதையும் வந்தது.

சனி, ஞாயிறு, திங்கள். அம்மா ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக நிமிரவில்லை. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எட்டாவது நிமிடமே அவளாகப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கன்னத்தில் பஞ்சு உரசித் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. நான் பதறி, கொஞ்ச நேரம் ஒருக்களித்துப் படு என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரமாக எல்லோரையும் விரட்டியவள், அன்றைக்கு நானே அவளை நிமிரச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து மொட்டை மாடிக்குப் போய் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை மதுரை. டாக்டரம்மா கட்டைப் பிரித்து, விளக்கு வைத்து, கண்ணுக்கு மேல் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் சுவரோரம் நின்று அவர் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் எதுவும் தெரியாது, ஆனாலும் பார்த்தேன். கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். விழித்திரை நன்றாகப் படிந்திருக்கிறது, திறந்த வாசல் மூடிவிட்டது, புது ரத்தம் இல்லை. குழாய் இருந்த இடத்தில் கொஞ்சம் வெறுமை இருக்கத்தான் செய்யும், எவ்வளவு பார்வை நிற்கும் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார். பிறகு சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னார். கீழ்ப்பாதி தண்ணீர் மாதிரி ஆடுகிறது என்றாள் அம்மா. அது இன்னும் கரையாத வாயு என்று சொல்லி, அதற்கு மேலே இருப்பதைப் படிக்கச் சொன்னார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, தேடி, முதல் பெரிய எழுத்தைச் சொன்னாள். இன்னும் தேடி, இரண்டாவது வரியில் ஒன்றைச் சொன்னாள். மற்றது தெரியவில்லை என்றாள். ஆபரேஷனுக்கு முன்னால் பலகையே தெரியாதவள்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். கன்னத்தில் இருந்த காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிறையப் பேர் மூன்றாவது நாளே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், பிறகு எங்களைக் குறை சொல்கிறார்கள் என்றார்.

"நல்லா பார்த்துக்கிட்டிருக்கீங்களே. மகள்தான் விடாம படுக்க வச்சாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா எனக்கு முன்னால் பேசினாள்.

"இல்ல டாக்டர். யாரும் படுக்க வைக்கல. நானாத்தான் படுத்திருந்தேன்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தாளில் எதையோ எழுதினார்.  இல்லை என்று சொல்ல ஒரு பெரிய பட்டியலே நாக்கு நுனியில் நின்றது. பலகை, பாய், சிஸ்டருக்குப் போன், பத்தரை மணிவரை எடுக்காத கை. அம்மா கையை நீட்டி என் தோள் எங்கே என்று தேடினாள். பக்கத்தில் போய் நின்றேன். பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆமா, டாக்டர்" என்றேன். "அவளாத்தான் படுத்திருந்தா."